கோடையில் எடுத்த படம்

இன்று காலை புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் கந்தர்வக்கோட்டை போகும் மின்சாரப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். டீசல் வாடையே இல்லை. முன் இருக்கையில் ஒரு அம்மா மல்லிகைப்பூ வைத்திருந்தார்கள். அந்த மணம் வண்டி முழுக்க இருந்தது. டீசல் புகைக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே கல்லூரிக்கு வந்தவள் நீ. உனக்கென்றே செய்த வண்டி மாதிரி இருந்தது. நீ இதில் ஏறவில்லை. ஆனால் இந்த வண்டி ராத்திரி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவள் நீதான்.

படிப்பு முடிந்து நாம் இருவரும் ஒரே நகரமைப்பு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தோம். கந்தர்வக்கோட்டைப் பக்கம் இருபது வருஷம் கழித்து எப்படி இருக்கும், எங்கே வீடு வரும், எங்கே சாலை வரும், எந்த மாதிரி வண்டிகள் ஓடும் என்று திட்டம் போடுகிற வேலை. முதலில் மின்சாரப் பேருந்துப் பணிமனைக்கு இடம் பார்க்க வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து எந்த நிலம் எதற்கு ஏற்றது என்று கணினியே வண்ணம் பூசிக் காட்டியது. சாலையை ஒட்டி ஒரு பெரிய பரப்பைத் தரிசு என்று மஞ்சளாகக் காட்டியது. வீடில்லை, பயிரில்லை, மரமில்லை. மேலாளருக்கு ரொம்பத் திருப்தி.

நீ மட்டும் திரையை விட்டு நகரவில்லை. அது உன் அம்மா ஊருக்குப் போகும் வழி. கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேருகிற வரத்துவாரி அதற்குள்தான் கிடக்கிறது என்று சொன்னாய். அதில் தண்ணீர் ஓடிப் பல காலம் ஆயிற்று என்றார் மேலாளர். எனக்குக் கணினி மேல் கோபம் வந்தது. இதையெல்லாம் நம்பி ஊரை ஒப்படைக்க முடியுமா என்று கேட்டேன். உனக்குக் கோபமே வரவில்லை.

"மெஷின் பொய் சொல்லல. நாமதான் அதுக்குக் கோடைய மட்டும் காட்டியிருக்கோம். மழையையும் காட்டிட்டுக் கேப்போம்."

ஐப்பசி வரைக்கும் அவகாசம் வாங்கினாய். அதற்குள் உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, தஞ்சாவூரில் சிகிச்சையும் ஆரம்பித்திருந்தது. முடி கொட்டியதால் தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய். மழை விட்ட ஒரு காலையில் ட்ரோனை எடுத்துக்கொண்டு என் ஸ்கூட்டியில் போனோம். முந்திரித் தோப்பு ஓரத்தில் நின்று பறக்கவிட்டோம். மஞ்சளாகப் பார்த்த அதே இடத்தில் செம்மண் தண்ணீர் மெல்லிய இழைகளாகப் பிரிந்து, கூடி, கண்மாயை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நீ திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாய். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட உன் முகம் அப்படி இருந்ததில்லை.

ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஊரே உன்னைக் கொண்டாடிவிடவில்லை. ஒரு சுற்றுச் சிகிச்சை முடிந்த மறுநாள் அது. நான் பேசுகிறேன் என்றதற்கு நீ சம்மதிக்கவில்லை. பணிமனை வந்தால் பிள்ளைகளுக்கு உள்ளூரில் வேலை கிடைக்கும் என்று நம்பியிருந்த விவசாயி ஒருவர் எழுந்தார்.

"எங்கூருக்கு ஏதோ ஒண்ணு வர்ற நேரத்துல நீங்களே வந்து தடுக்கிறீங்களேம்மா?"

"தடுக்கலண்ணே. கண்மாயும் இருக்கணும், பணிமனையும் வரணும். அதுக்கு எடம் பாத்திருக்கேன். இருந்து கேளுங்க."

மூடிக்கிடந்த பழைய நூற்பாலை வளாகத்தைக் காட்டினாய். அது பாதி இடம்கூட இல்லையே என்றார் மேலாளர். வருங்காலத்தில் பெரிய பேருந்துகள் குறைந்து, ஊர் ஊராகப் போகும் சிறிய வண்டிகள் பெருகும், போனில் அழைத்தால் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று நீ கணக்குப் போட்டு வைத்திருந்தாய்.

"இனிமே பஸ்ஸு ஆளுக்காகக் காத்துக் கெடக்காது சார். ஆளு கூப்பிட்டா வரும். சும்மா நிக்கிற வண்டி கொறைஞ்சா, அது நிக்கிற எடமும் கொறையும்."

மேலாளர் உன் கணக்கை வாங்கிப் பார்த்து, ஆலை இடத்துக்கே சம்மதித்தார். வருங்காலம் வந்தால் நிலம் போய்விடும் என்றுதான் எல்லோரும் பயந்திருந்தோம். வருங்காலம் நிலத்தை மிச்சப்படுத்தவும் செய்யும் என்று நீ சொல்லித்தான் எனக்கே புரிந்தது.

ஆலை இடத்தில் வேலை தொடங்குமுன் நீ போய்விட்டாய். அதற்கு அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்து கலிங்கில் உபரித் தண்ணீர் வழிந்தது. கூட்டத்தில் உன்னிடம் குறைபட்டுக்கொண்டவரின் மகள் இப்போது பணிமனையில் பேருந்துகளுக்கு மின்னேற்றும் பிரிவில் இருக்கிறாள். இன்று அவரைப் பார்த்தேன். பேச்சு உன்னிடம்தான் வந்து நின்றது. "அந்தப் புள்ள இருந்து பாத்திருக்கணும்" என்றார். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது துக்கம் மட்டும் இல்லை.

உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்று உண்டு. மழைக்காலப் படங்களையும் சேர்த்துப் பழக்கிய அந்த மென்பொருளைத்தான் இப்போது கறம்பக்குடித் திட்டத்துக்கும் வைத்திருக்கிறோம். போன வாரம், முள் மண்டிக் காய்ந்து கிடக்கும் ஒரு பள்ளத்தை அது தானாகவே நீர்வழி என்று நீலமாகக் காட்டியது. யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லையே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் வியந்தார்கள். சொல்லித்தந்த ஆள் உண்டு என்று உன் கதையை ஆரம்பித்தேன். மேசையில் எல்லோருடைய டீயும் ஆறிப்போனது.

இப்போது கறம்பக்குடித் திட்டத்தின் தலைமைப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. கணினி நீலம் என்கிறது. மற்றவர்கள் அதுவே போதும், கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அப்படிச் சொன்ன குரல் என்னுடையதுதான். ஆனால் அந்தப் பழக்கம் உன்னிடமிருந்து வந்தது. நாளைக் காலை கறம்பக்குடிக்குப் போகிறேன். அந்தப் பள்ளத்தில் இறங்கி, அது எங்கே போய் முடிகிறதோ அதுவரைக்கும் நடப்பேன்.