ஆறாவது எண்

ஏப்ரல் 9
கடும் வெயில். காற்று அறவே இல்லை. கல்லூரி விடுமுறை, காலை பஸ்ஸில் சேலத்திலிருந்து ஊர். கையில் வார இதழின் எண் புதிர்: 3, 8, 15, 24, அடுத்து? வர்க்கங்களில் ஒன்று குறைவு. 35. பஸ் கிளம்புமுன் முடிந்தது.

தம்பி முத்துசாமியின் அறுபது தென்னைகளிலும் குருத்து மட்டுமே பச்சை. கிணறு வறண்டு இரண்டு மாதம்.

இதழை எட்டிப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, நாலு நம்பரக் குடுத்தா அஞ்சாவதச் சொல்லிப் போடுவீங்களா?"

பென்சிலை வாங்கி ஓரத்தில் எழுதினான்: 100, 120, 150, 190, 240. சுற்றுத் தோட்டங்களில் போர்வெல் போட்டபோது தண்ணீர் கிடைத்த அடிகள், ஆண்டு வரிசையில்.

வித்தியாசம் 20, 30, 40, 50. அடுத்தது 60.

"முந்நூறு" என்றேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவன் முகத்தில் வந்த வியப்பு எனக்குப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 10
ஐந்து எண்களுக்குப் பின் எந்த எண்ணை வைத்தாலும் அதற்கொரு சூத்திரம் எழுதலாம். இருபத்தாறு ஆண்டுகளாக வகுப்பில் நான் சொல்வது. இன்று தம்பியிடமும் சொன்னேன்.

"செரிங்ண்ணா. ஆனா முந்நூறுதானுங்களே?"

அவன் போனபின் அவன் மனைவி சரசு: "இவரு எதையும் ரவுண்டாத்தான் சொல்லுவாருங்க மாமா. பக்கத்துத் தோட்டத்துப் போரு நூத்திப் பதினேழோ என்னமோ."

ஆக, நான் கண்டுபிடித்தது பூமியின் ஒழுங்கையன்று; தம்பியின் ஞாபகம் எண்களை உருட்டும் விதத்தை. ஓடிப்போய்ச் சொல்ல எழுந்தேன். கறவை எருமை இரண்டையும் சந்தைக்கு ஓட்டிப் போய்விட்டிருந்தான். போர் போடும் ரிக் வண்டிக்கு முன்பணம்.

ஏப்ரல் 13
ரிக். 240 அடி: ஈரமில்லை. 280: வெண்புழுதி. 300: அதே புழுதி.

"பொகையாத்தான் வருதுங்க" என்றான் ரிக்காரன். பிறகு என்னிடம், "சார் போட்ட கணக்குங்களா? பாறை காலேஜுக்குப் போனதில்லைங்களே!"

அவன் ஆட்கள் சிரித்தனர். தம்பி: "எங்கண்ணன் எம்மெஸ்ஸி. பாத்துப் பேசுங்க."

அதற்குப் பதில் தம்பி என்னை அறைந்திருக்கலாம்.

குற்றப் பட்டியல். தம்பி: நம்பினான். ரிக்காரன்: அவன் தொழில். நான்: தெரிந்தே சொன்னேன்; தெரிந்தும் தடுக்கவில்லை. மன்னிக்க இடமில்லை.

ஏப்ரல் 15
மூன்று மட்டைகள் விழுந்தன. பிஞ்சுகளும் கருகிவிட்டன.

புறப்பாடு. தம்பி என் பையைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை வந்தான். "தண்ணி இன்னங் கொஞ்சம் கீழ போயிருச்சாட்ட இருக்குதுங். சரசு தாலிக்கொடி இருக்குது, அடகு வெச்சுப் போடலாம். ரிக்காரன் திங்கக்கெழம வாரேன்னிருக்கறான். அடுத்த நம்பரு என்னங்ண்ணா?"

தெரியாது என்றேன். அந்த எண்களே பொய் என்றேன். இனித் தோண்டாதே என்றேன்.

தலையாட்டிக்கொண்டே விரல்விட்டான். "அம்பது... அறுவது... அப்பறம் எழுவது. முந்நூத்தி எழுவதுங்களா?"

பஸ் வந்துவிட்டது. கூட்டலில் பிழை இல்லை.