காமாலை மனு

திங்கள்
விடியலிலிருந்து மழை. மூலக்குளத்திலிருந்து கோர்ட்டுக்கு வருவதற்குள் வக்கீல் கவுன் நனைந்து ஒரே நாற்றம்.
இன்று செல்வி அக்கா வழக்கு. நெல்லித்தோப்பு வீடு. புருஷன் செத்ததிலிருந்து கொழுந்தன் வெளியே தள்ளப் பார்க்கிறான். அதற்குக் கோர்ட் போட்ட தடை உத்தரவு ஒன்றுதான் அவருக்குக் காவல். "வராண்டாவுலயே இருங்கக்கா, கூப்பிட்டா நானே வந்து சொல்றேன்" என்றேன். அதற்குள் சீனியர், வேறு கோர்ட்டுக்குக் கேஸ் கட்டைத் தூக்கிவரச் சொன்னார். ஓடினேன். பக்கத்தில் இருந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத் தோன்றவில்லை. மடச்சி.
திரும்பினால், மூன்று முறை கூப்பிட்டாயிற்று. யாரும் வரவில்லையென்று வழக்கு தள்ளுபடி. தடையும் போச்சு. அக்கா, நான் சொன்ன இடத்திலேயே, மடியில் குடையோடு.

செவ்வாய்
சாப்பாடு இறங்கவில்லை. டீ மூன்று.
சீனியர் திட்டவில்லை. "திரும்ப எடுக்கச் சொல்லி அவசர மனு போடு. வாதிக்கு மஞ்சள் காமாலை, வர முடியலன்னு எழுது."
"சார், அவங்க வந்திருந்தாங்க. நான்தான்…"
"வக்கீல் தப்புன்னு எவனாவது எழுதுவானாம்மா?"
கம்ப்யூட்டரில் மாதிரி தயாராக இருக்கிறது. பேரை மாற்றினால் போதும். எங்கள் கட்சிக்காரர்களில் பாதிப்பேருக்குக் காமாலை வந்து போயிருக்கிறது.

புதன்
வெயில். கவுன் காய்ந்தது.
அக்காவுக்கு மனுவைப் படித்துக் காட்டினேன்.
"எனக்கா காமால? வாசல்லயே குந்தினு இருந்தேனேம்மா."
"இப்படித்தான் எழுதணுமாம்க்கா."
"செரி, நீ சொன்னா போடறேன்." கையெழுத்து. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெள்ளி
கோர்ட். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "காமாலை எல்லாம் பொய். அன்னிக்கு இந்தம்மா வராண்டாவுல இருந்ததை என் கட்சிக்காரரே பார்த்தாரு."
ஜட்ஜ் அக்காவைக் கேட்டார். "உண்மையைச் சொல்லும்மா. காமாலையா?"
அக்கா ஜட்ஜைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஆமாங்கய்யா" என்றார்.
எப்படி எழுந்தேனென்று தெரியவில்லை. "இல்லீங்க ஐயா. அவங்க வந்திருந்தாங்க. நான்தான் இல்ல. பொய்யை எழுதினதும் நான்தான்."
சீனியர் கேஸ் கட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். திங்களன்று உத்தரவு.
வெளியே அக்கா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்: "திங்கக்கெழம எங்க குந்தணும்மா?"
"உள்ளக்கா. என் பக்கத்துல."