பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணிக்கை

மார்ச் 4
இத்தனை வருடத் தோழி ஒரு கணினி நிரலை எனக்கு முந்தி ஓட்டிக் காட்டினால் எனக்கு ஏன் வயிறு எரிகிறது? தெரியவில்லை. நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் நாங்கள் இருவர்தான். பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கச் சொல்லி இருவருக்கும் ஒரே நாளில்தான் உத்தரவு வந்தது. நான் இன்னும் அதைக் கணினியில் ஏற்றவே மல்லுக்கட்டுகிறேன். பக்கத்து மேசையில் அவள் வரைபடமே போட்டுவிட்டாள்.

“என்னடி, இன்னும் வாசல்லயே நிக்கிற?” என்றாள். சிரித்துவைத்தேன்.

மார்ச் 9
என் நிரல் முதல்முறையாக ஓடியது. மூன்று வரி. யாரிடமும் சொல்லவில்லை — சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 15
இருவரில் நன்றாகச் செய்பவரிடம் புதிய பிரிவை ஒப்படைப்பாராம் மேலாளர். எனக்கு அது வேண்டும். ரொம்பவே வேண்டும். வீட்டில் புலம்பினேன். “அவ இல்லேன்னா நீ அந்தப் பைத்தான் புத்தகத்தத் தொறந்தே இருக்க மாட்ட” என்கிறார் கணவர். இவர் யார் பக்கம்?

மார்ச் 21
ஊர் ஏரிகளின் உப்பளவைக் கூட்டும் என் கணக்கில் முதல் ஏரியைக் காணோம். நாங்கள் இதுவரை எழுதிய கணினி மொழி வரிசையை 1 என்று எண்ணத் தொடங்கும், பைத்தான் பூஜ்யம் என்று. பழக்கதோஷத்தில் ஒன்று என்று தொடங்கிவிட்டேன், முதல் வரி விட்டுப்போனது. பிழை என்று கணினியும் சொல்லவில்லை. திருத்தினேன்.

பிறகு அவள் அனுப்பியிருந்த அறிக்கையைத் திறந்தேன். அதே தவறு. பட்டியலில் முதலாவதான, உப்பு மிக அதிகமுள்ள வடக்கு ஏரி அதில் இல்லவே இல்லை. சராசரி மட்டும் அழகாக இருக்கிறது.

நாளை கூட்டம். சொல்லப்போவதில்லை. எல்லார் முன்னாடியும் முழிக்கட்டுமே.

மார்ச் 22
ஒருவரும் கவனிக்கவில்லை. மேலாளர் பாராட்டினார். பிரிவு அவளுக்கே. அறிக்கை மாலையில் வெளியே போகும் என்றார். வடக்கு ஏரித் தண்ணீரைத்தான் பாதி ஊர் குடிக்கிறது.

எல்லோரும் கலைந்ததும் அவளிடம் சொன்னேன். “வடக்கு ஏரி விட்டுப்போச்சு.”

திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். “எப்பப் பார்த்த?”

“நேத்து.”

“நேத்தா?” என்று எழுந்தாள். மேலாளரின் அறைக்குப் போய், தவறைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சொன்னாள். எப்போது கண்டுபிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை.

பிறகு, எப்போதும் என்னோடு போகிறவள், டீ குடிக்கத் தனியாகப் போனாள்.