மேகத்துக்கு வெந்நீர்

9 ஆகஸ்ட் 2009, ஞாயிறு

முதுகுவலி. கடலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிவந்த ‘வீட்டிலேயே யோகா’ டிவிடியைப் போட்டேன். படமாக வரைந்த கிழவர் ஒருவர் வயலில் குனிந்தார். நானும் குனிந்தேன். நிமிர்ந்தார், நிமிர்ந்தேன். நிதானமாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் தடவை குனிந்தவர் ஒரு முள்ளங்கியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் குனிந்தபடியே நிற்கிறேன்.

கவருக்குள் வேறு டிவிடி. ஜப்பான்காரன் பொம்மைப் படம், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடுகிறது. அணைக்க எழுந்தேன். அப்போது ஆகாயத்திலிருந்து ஒரு சின்ன மேகம் முள்ளங்கி வயலில் தொப்பென்று விழுந்தது. கன்றுக்குட்டி மாதிரி முனகியது. உட்கார்ந்துவிட்டேன்.

கிழவரும் கிழவியும் அதைக் கிணற்றடியில் ஒளித்துவைத்து, வெந்நீர் ஆவி காட்டி வளர்க்கிறார்கள். மேகம் கொஞ்சம் பெரிதானபோது கரண்ட் போய்விட்டது.

11 ஆகஸ்ட்

ஆபீஸில் மனது ஓடவில்லை. அந்த மேகம் என்ன ஆகும்? யாரிடம் கேட்பது? கருவூலத்தில் கண்காணிப்பாளர் நான். நாற்பத்துநாலு வயது. என் மேஜைக்கு வருகிறவர்கள் பயந்து பயந்து வருகிறார்கள்.

13 ஆகஸ்ட்

கதவைச் சாத்திக்கொண்டு முதலிலிருந்து பார்த்தேன். கிழவி மேகத்துக்குப் போர்வை போர்த்தும் இடத்தில் மங்கலம் கதவைத் தட்டினாள். “ஏங்க, யோகா பண்ணா யாராவது அழுவாங்களா?”

இடுப்பு பிடித்துக்கொண்டது என்றேன்.

22 ஆகஸ்ட்

மாமாவுக்கு இங்கே சிதம்பரத்தில் கண் ஆபரேஷன். புரை. நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் எங்கள் வீட்டில்தான். டிவி இருக்கிற ஹாலில், என் நாற்காலியில்.

மாமா என்றால் மங்கலத்தின் அப்பா, சாமிக்கண்ணு. காட்டுமன்னார்கோயிலில் நெல் விவசாயம். மாமியார் போய், மச்சானும் வெளியூர் போனபிறகு தனியாள். மச்சான் கல்யாணத்தில் என்னை முதல் பந்தியில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுப்பி இரண்டாம் பந்திக்கு அனுப்பினார்கள். நான் சாப்பிடாமல் டவுன் பஸ் ஏறி வந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்களுக்குள் “வாங்க”, “போயிட்டு வாங்க”. அவ்வளவுதான். பதினோரு வருஷம்.

26 ஆகஸ்ட்

யோகா இல்லை.

29 ஆகஸ்ட்

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இன்று துணிப்பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டார். நாளைக்கு ஊருக்குப் போகிறாராம்.

அடுப்படியில் மங்கலம் அழுதாள். “தனியா கெடந்து எப்படிங்க கண்ணுல மருந்து ஊத்திக்குவாரு? நீங்க ஒரு வார்த்தை சொன்னா இருப்பாரு.”

என்ன வார்த்தை? ‘இருங்க மாமா’. இரண்டே சொல். வாய் வரவில்லையே. என்ன ஜென்மம் நான்?

30 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் அவர் எதிரே போய் நின்றேன். அவர் பார்த்தார். நான் பார்த்தேன். சொல்ல வரவில்லை. திரும்பிப் போகவும் முடியவில்லை. வேறு வழி தெரியாமல் டிவிடியைப் போட்டேன்.

படத்தில் நடவு வந்தது. மாமா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “நாத்த நெருக்கி நட்டுட்டான்” என்றார். டிவியிடம்தான்.

மேகம் விழுந்தது. என் பக்கம் திரும்பினார். “அந்தாளு என்னா சொல்றாரு மாப்ள?”

‘மாப்ள’ என்றார். எழுத்தைப் படித்துப் படித்துச் சொன்னேன். என் இங்கிலீஷ் அரைகுறை. புரியாத இடத்திலெல்லாம் “நெல்லு வெல எறங்கிப்போச்சாம்” என்று சொல்லிவைத்தேன். ஒவ்வொரு தடவையும் மாமா “ஆமாமா, எல்லா ஊர்லயும் அதான்” என்றார்.

ஊரே வறண்டு, மேகத்தைப் பிடிக்க ஜனங்கள் வலையோடு கிளம்பினார்கள். கிழவர் அதை முதுகில் கட்டிக்கொண்டு மலையேறினார். உச்சிக்குப் போகும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. துடைத்தேன். ஊதினேன். திரும்பத் திரும்ப அங்கேயே நின்றது.

மாமா மத்தியானம் சாப்பிடவில்லை. ஊருக்கும் போகவில்லை.

31 ஆகஸ்ட்

கடலூரில் அதே கடை. கடைக்காரர் கண்ணாயிரம் என்னைப் பார்த்ததுமே தயாரானார். “யோகா மாறிப்போச்சின்னு சண்டைக்கி வந்துட்டீங்களா சார்?”

“யோகா வேணாம். அந்தப் படத்தோட மீதி வேணும்.”

“புள்ளைக்கா சார்?”

“மாமனாருக்கு.”

அவர் பெட்டி பெட்டியாகத் தேடினார். அந்தப் படம் வேறு இல்லையாம். இன்னொரு ஜப்பான் பொம்மைப் படம் கொடுத்தார்.

1 செப்டம்பர்

நானே ஒரு முடிவு கட்டிச் சொன்னேன். “உச்சியில கட்ட அவுத்து உட்டுட்டாரு மாமா. மேகம் கடல் பக்கம் போயிடுச்சி. அங்க அதோட அம்மா மேகம் இருந்துது.”

“பொய் சொல்றீங்க மாப்ள.”

“ஆமா மாமா.”

“கடலுக்கு எதுக்குப் போவுது? அங்கதான் தண்ணி ஜாஸ்தியா கெடக்குதே. நம்ம வீராணம் மாதிரி ஒரு ஏரியப் பாத்துதான் போவும்.”

“சின்னது மாமா. அம்மாவைத் தேடாதா?”

“வெந்நி வெச்சி ஊட்டுனவ யாரு? அவதான் அம்மா.”

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. குரல் ஏறியது. கரண்டியோடு ஓடிவந்த மங்கலம் நடுவில் நின்றாள். “மறுபடியும் என்னா சண்டை?”

“மேகம் எங்க போச்சின்னு...” என்றேன்.

கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பிறகு வாசலிலிருந்த துணிப்பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் அவிழ்த்தாள்.

20 செப்டம்பர்

ஆறாவது படம். கண் டாக்டர், டிவி பார்க்கிறாரா என்று கேட்டாராம். மாமா, “மாப்ளைக்கித் தொணையா ஒக்காருவேன்” என்றாராம்.

16 ஜனவரி 2010, காணும் பொங்கல்

காட்டுமன்னார்கோயில். மாமா டிவிடி பிளேயர் வாங்கிவிட்டார். தெருவையே கூட்டி, என்னை டிவிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, “எங்க மாப்ள ஜப்பான் பாஷை படிச்சவரு” என்று அறிமுகம் செய்தார். மறுக்க விடவில்லை.

புதுப் படம். ஒரு வயதான ஓடக்காரி. அக்கரைக்குப் போகப் பயப்படும் அவளுடைய குதிரை. கடைசியில் அவள் மட்டும் ஓடத்தில் போகிறாள். குதிரை கரையோரமாகவே ஓடிவருகிறது, கரை முடிகிற வரைக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கதை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து பக்கத்து வீட்டு இருசம்மாள், “என்னாங்க, நிறுத்திட்டீங்க? குதிரை என்னா சொல்லுது?” என்றாள்.

“குதிரை எங்க பேசும்? ஓடக்காரிதான் பேசறா” என்றார் மாமா. “‘நீ வூட்டுக்குப் போ ராசா. தொட்டியில கஞ்சி ஊத்தி வெச்சிருக்கேன். நான் நாளைக்கி வந்துடறேன்’ங்கறா.”

படத்தில் அந்த இடத்தில் யாரும் பேசவே இல்லை. ஓடமும் தண்ணீரும்தான். கீழே ஒரு எழுத்தும் ஓடவில்லை.

நான் திருத்தவில்லை. தெருவே மூக்கை உறிஞ்சியது. மங்கலம் என் பக்கம் ஒரு துண்டை நீட்டினாள். நடுவிலேயே மாமா வாங்கிக்கொண்டார்.