நான்கு மாதம் பொறுத்தால்

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

நீயும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அத்தையும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாரே என்று நினைக்காதே. நீ "மாமா" என்று கூப்பிட்டவுடன், சாப்பிட்டாயா, குட்டி தூங்கினாளா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அத்தையிடம் போனைக் கொடுத்துவிடுகிறேன். போன வாரம் நீ இரண்டு விஷயம் கேட்டு எழுதியிருந்தாய். என் பிள்ளையின் காரை இங்கே கொண்டுவந்தால் சுங்கவரி எவ்வளவு ஆகும் என்பது ஒன்று. மார்ச் மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரே நாளில் மனம் மாறி ஜூலைக்குத் தள்ளிப் போட்டானே, அது ஏன் என்பது மற்றொன்று. முதல் கேள்வி எனக்குச் சுலபம். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்டாகக் குப்பை கொட்டியவன் நான். அதனால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அவன் என்ன விலை கொடுத்து வாங்கினான் என்பதை வைத்து வரி போடமாட்டார்கள். ஷோரூமில் கொடுத்த தள்ளுபடியெல்லாம் சுங்க அதிகாரியிடம் செல்லாது. அந்த மாடல் புதிதாக வந்தபோது என்ன விலையோ அதுதான் ஆரம்பம். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழிப்பார்கள். மிச்சத்தோடு கப்பல் கூலியைச் சேர்ப்பார்கள். இன்ஷூரன்ஸையும் சேர்ப்பார்கள்; நீ எடுக்காவிட்டாலும் எடுத்ததாக வைத்துச் சேர்ப்பார்கள். இந்த மொத்தத்துக்கு ஒரு வரி. பிறகு அந்த வரியையும் கூட்டிக்கொண்டு, அதற்கு மேல் இன்னொரு வரி. எல்லாம் முடிந்து பார்த்தால், வண்டியின் இன்றைய விலையைவிட வரி அதிகமாக நிற்கும். இந்த வரிக்கு வரியை நினைத்து என் பிள்ளை சிரிப்பான். என்னைப் பார்த்தும் சிரிப்பான். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அப்பா அதைத் திருப்பிப் பார்த்து என்ன மதிப்பு போடலாம் என்று யோசிப்பார் என்று உன்னிடமும் சொல்லியிருப்பான்.

காகிதங்கள் என்று பார்த்தால், பதிவுப் புத்தகம், வாங்கிய பில், சேஸிஸ் நம்பர் தெரியும்படி ஒரு படம், இவற்றோடு அவனுடைய இறப்புச் சான்றிதழ். எத்தனையோ பேருடைய சான்றிதழை நான் காகிதக் கட்டுக்குள் நான்காவதாக வைத்து நூல் சுற்றியிருக்கிறேன். அப்போதெல்லாம் பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

டிரைவர் சீட்டை அவன் காலுக்குத் தக்கபடி பின்னால் தள்ளி வைத்திருந்தது அப்படியே இருக்கிறது, ஐந்து மாதமாக அதை நகர்த்த மனம் வரவில்லை, அதனால்தான் விற்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். ஆனாலும் உன்னிடம் மறைக்கக் கூடாது. கப்பலில் ஏற்ற ஒருவன் ஓட்டுவான், இறக்க ஒருவன் ஓட்டுவான், ஷெட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்த இன்னொருவன். ஏறி உட்கார்ந்ததும் அவரவர் வசதிக்குச் சீட்டை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். ஆயிரம் வண்டி இறக்கியவன் சொல்கிறேன். அதை யாராவது நகர்த்தத்தான் வேண்டும் என்றால் அது நீயாக இருக்கட்டும், அம்மா.

நேற்று இத்தோடு நிறுத்திவிட்டேன். இன்று காலை மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அத்தைக்கு முழங்கால் வலி குறையவில்லை. டாக்டர் மாடி ஏறக் கூடாது என்றார். இவள் மாடி அறையைக் கழுவித் துடைத்து, ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டு, குட்டிக்குத் தனிக் கட்டில் வேண்டுமா, உன்னோடு படுத்துக்கொள்வாளா என்று தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்?

இனி இரண்டாவது கேள்வி. அதற்கு முன் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வண்டி அவர்கள் பெயரில் முழுதாக ஒரு வருடம் இருந்திருந்தால் வரி பாதிக்கும் கீழே வந்துவிடும். ஒரு நாள் குறைந்தாலும் கிடையாது. உன் கடிதம் வந்த மறுநாள் இதை ஒரு பழைய சுங்க அதிகாரியிடம் கேட்கப் போனேன். எதை நீட்டினாலும் குத்தாமல் விடமாட்டார் என்பதால் எங்களுக்குள் அவருக்கு "முத்திரை" என்று பெயர். வண்டியை உன் பெயருக்கு மாற்றி, நீ அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு ஒரு வருடம் கழித்து வந்தால் சலுகை உனக்குக் கிடைக்கும் என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். உடனே வந்தால் இவ்வளவு, ஒரு வருடம் காத்திருந்தால் இவ்வளவு என்று அருகருகே எழுதி, குறைந்த தொகைக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் மனம் கொஞ்சம் லேசாக இருந்தது. உனக்கு ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அத்தை காபி கொண்டுவந்தவள் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். எண்களையெல்லாம் அவள் படிக்கவில்லை. "ஒரு வருடம் காத்திருந்தால்" என்பதை மட்டும் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அவன்கிட்டயும் இதைத்தானே சொன்னீங்க?"

காகிதத்தை வைத்துவிட்டுக் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிப்ரவரியில் நான் போனில் பேசும்போது அடுத்த அறையில் இருந்திருக்கிறாள். ஐந்து மாதமாக என்னோடு ஒரே வீட்டில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள்.

பிப்ரவரி கடைசியில் அவன் என்னைக் கூப்பிட்டான். நீ வேலைக்குப் போயிருந்தாய். "அப்பா, படி ஏறினா மூச்சு வாங்குது. ஒரே அசதியா இருக்கு. அடுத்த மாசமே வந்துடறேம்ப்பா" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? வண்டி உன் பெயருக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, முழு வரியைக் கட்ட நமக்கென்ன பைத்தியமா என்றேன். என் பிள்ளையின் வண்டி முழு வரியில் வெளியே வந்தால் துறைமுகத்தில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றும் சொன்னேன். பிறகு, "சரிப்பா. மூச்சு விஷயத்தை அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவா" என்றான். டாக்டரிடம் காட்டு என்று நான் சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சொன்னதாக நினைவில்லை. வரியைப் பற்றிப் பேசியது ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

மே மாதம் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஒரு வருடம் நிறைய நாற்பத்தாறு நாள் பாக்கி இருந்தது. உன் தோழி போனில் சொன்ன அன்றைக்கே நான் அதை எண்ணினேன், அம்மா. அழுதுகொண்டே எண்ணினேன். என் புத்தி அப்படி.

குட்டியின் பள்ளிக்கூட வருடம் முடியட்டுமே என்று நீ ஒருமுறை சொன்னாயாம். அதற்காகத்தான் தங்கிவிட்டாரோ, என்னால்தான் போனாரோ என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நீ சொன்னதற்காக அவன் தங்கவில்லை. நான் சொன்னதற்காகத் தங்கினான். இதை உன் அப்பா அம்மாவிடமும் சொல், யாரிடம் வேண்டுமானாலும் சொல். ஆனால் இன்று முதல் உன்னை நீயே குற்றம் சொல்லிக்கொள்வதை விட்டுவிடு.

சிவப்புக் கோடு போட்ட காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். வண்டி வேண்டுமென்றால் கொண்டுவா. முழு வரியையும் நான் கட்டி, நானே வரிசையில் நின்று வெளியே எடுத்துத் தருகிறேன். வேண்டாமென்றால் விற்றுவிடு. எதுவானாலும் அதற்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. அவன் போனதிலிருந்து தோழி வீட்டில் ஒற்றை அறையில் நீயும் குழந்தையும் இருந்தது போதும். இந்த மாதமே கிளம்பி வந்துவிடு. இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு இந்த வீட்டுக்கு வரப் பிடிக்காவிட்டால் உன் அம்மா வீட்டுக்குப் போ. அத்தை குட்டியை அங்கே வந்து பார்த்துக்கொள்வாள்.

நீயும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். வரும் தேதியை எழுது. விமான நிலையத்துக்கு நான் வரக் கூடாது என்றால் அதையும் எழுதிவிடு, அம்மா. அத்தை மட்டும் வருவாள்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
மாமா