முள் குத்தாத கால்

ராஸ் அல் கைமா, 1977

அன்புள்ள சரசு,

எங்கள் குவாரி எஞ்சினியர் ஹங்கேரிக்காரர். தன் ஊரிலிருந்து செம்பழுப்பாய் ஒரு வேட்டை நாய் கொண்டுவந்திருக்கிறார். அதை நடத்திக் கூட்டிப்போவது என் டூட்டி.

நேற்று அது சட்டென்று நின்று முன்னங்காலைத் தூக்கியது. முள் குத்திவிட்டதென்று குந்தி உட்கார்ந்து பாதத்தைத் தடவினேன். எதிர்ப் புதரிலிருந்து கௌதாரி பறந்துவிட்டது! பின்னால் வந்த எஞ்சினியர் விழுந்து விழுந்து சிரித்தார். காலைத் தூக்கினால் இரை எதிரே இருக்கிறதென்று அர்த்தமாம். பல நூறு வருஷமாக ராஜாளியைப் பழக்கி வேட்டையாடுகிறவர்களோடு ஓடிய இனமாம். யுத்தத்தில் அழியப் பார்த்துத் தப்பியதாம்.

"தைரியசாலி. ஆனா தனியா விட்டா சோறு தின்னாது. வீட்டு ஆளு மேல சாஞ்சே கிடக்கணும்" என்றார், அரைகுறை இந்தியில்.

"நானும் அப்படித்தான், சாப்" என்றேன். சிரித்துக்கொண்டே லீவு கொடுத்துவிட்டார்!

ஐப்பசியில் வருகிறேன். உன்னைப் பார்த்ததும் ஒரு காலைத் தூக்கி அசையாமல் நின்றால், முள் தேடாதே.

உன் வீட்டுக்காரன்