சிவப்பு நூல் கட்டிய கோழிகள்

12 ஜனவரி 1998, திங்கள்

மறுபடியும் 540. கோழி ரத்தத்தின் தெளிநீரில், நூறு மில்லிக்கு, இரும்பு நூறு, நூற்றைம்பது மைக்ரோகிராம் இருந்தால் ஒழுங்கு. ஒன்பது கோழியில் ஐந்து ஒழுங்காக இருக்கின்றன, நான்கு என் உயிரை வாங்குகின்றன. ஹரோல்ட் சாருக்குப் போன் செய்தேன். என் ஆய்வுக்கு வழிகாட்டியாம். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, "ட்யூப் ஒழுங்கா கழுவினியாம்மா?" என்கிறார். கழுவினேன். மூன்று தடவை. ஆசிடில்!

17 ஜனவரி, சனி

சாரிடமிருந்து கடிதம். ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதத்தால் 280 வரைதான் தாங்க முடியும், 540 எப்படி வரும், ஐம்பது சீட் பஸ்ஸில் நூறு பேர் ஏற முடியுமா என்று கேட்டிருக்கிறார். பங்காருபேட்டை பஸ்ஸில் அவர் ஏறியதே இல்லை போலிருக்கிறது. தங்கவயல் குழாய்த் தண்ணீரின் துருதான் ட்யூபில் ஒட்டியிருக்கிறதாம். பிப்ரவரிக்குள் சரிசெய்யாவிட்டால் ஆய்வை விட்டுவிடச் சொல்கிறார்.

எம்.ஃபில். இல்லையென்றால் ஜூனில் காலேஜில் என் தற்காலிக வேலையும் இல்லை. இது அவருக்குத் தெரியாதா?

21 ஜனவரி, புதன்

கோலாரிலிருந்து இரண்டு கேன் டிஸ்டில்ட் வாட்டர் தூக்கிவந்தேன். "சாராயமா மேடம்?" என்று கண்டக்டர் கேட்டான். எல்லாவற்றையும் கழுவி மறுபடி பார்த்தேன்.

555.

எரிச்சலில் அழுதுவிட்டேன்.

2 பிப்ரவரி, திங்கள்

கோழிகள் அடுத்த வீட்டு பார்வதம்மாக்காவுடையவை. செவ்வாய், வெள்ளி ரத்தம் எடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம். இன்று போய், தொல்லை தரும் நான்குக்கும் அடையாளமாகக் காலில் சிவப்பு நூல் கட்டினேன். அக்கா சிரித்தாள்.

"இன்னா ஜூடித்து, முட்ட வுடுற கோழிக்கா பாத்து பாத்து நூலு கட்டிகினு கீற?"

"மத்த அஞ்சும்?"

"மூணு வெடக்கோழி, இன்னும் முட்ட வுடல. ரெண்டு முட்டைய நிறுத்திடுச்சி."

எடை எழுதினேன். நிறம் எழுதினேன். முட்டையிடுகிறதா என்று ஒரு வரி எழுதினேனா? எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவளாம், வெட்கம்!

அப்படியானால் இரும்புக்கு இன்னொரு வண்டி இருக்கிறது. முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கு இரும்பு வேண்டும். மஞ்சள் கருவுக்கான புரதம் ரத்தத்தில் போகும்போது அந்த இரும்பையும் ஏற்றிக்கொண்டு போகிறது. அதனால்தான் 540.

போனில் சொன்னால் சாரோ, "ஒரே கோழியில ரெண்டு நிலையும் காட்டும்மா, நம்புறேன்" என்கிறார்.

8 பிப்ரவரி, ஞாயிறு

சிவப்பு நூல் கட்டியதில் ஒன்று முட்டையை நிறுத்திப் பதினோரு முட்டையில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. சந்தோஷப்படுவதற்குள் அக்கா சொன்னாள்: "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கிட்ட போவாத. தொட்டா எழுந்து பூடும்."

பொரிப்பது மார்ச் ஒன்று. என் கெடு பிப்ரவரி இருபத்தெட்டு. என் நேரம்!

17 பிப்ரவரி, செவ்வாய்

அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மில்லி. கையைக் கொத்திக் குதறிவிட்டது.

122!

ட்யூப் சுத்தம். தண்ணீர் சுத்தம். நானும்தான் சார்!

18 பிப்ரவரி, புதன்

கோழி அடைக்குத் திரும்பவில்லை. கொல்லையில் மேய்ந்துகொண்டிருக்கிறது. முட்டைகள் ஜில்லென்று கிடக்கின்றன.

"பூன கீன வந்துச்சா ஜூடித்து?"

"தெரியலக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

27 பிப்ரவரி, வெள்ளி

சாரிடமிருந்து கடிதம். எண்கள் சரியாம், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமாம். கூடவே, லைப்ரரியில் ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டினாராம், முட்டையிடும் கோழிக்கு இரும்பு ஏறும் என்பது பல வருஷங்களுக்கு முன்பே தெரிந்த விஷயமாம். "நீ படிக்கலையாம்மா?" என்று கேட்கிறார்.

நீங்கள் படித்தீர்களா சார்? ஒரு மாதம் முன்னால் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கக் கூடாதா? சரி, நான் ஏன் திருப்பவில்லை?

வேலை தப்பித்தது. ஆனால் கொல்லைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

8 மார்ச், ஞாயிறு

சர்ச் முடிந்ததும் கடையில் பதினோரு முட்டை வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். "நாந்தான்க்கா அன்னிக்கு ரத்தம் எடுத்தேன்" என்றேன்.

"தெரியும். றெக்கையில ரத்தம் காஞ்சிகினு இர்ந்துச்சி. நீயா வந்து சொல்லுவன்னு பாத்துகினு இர்ந்தேன்."

மன்னிப்புக் கேட்டுப் பையை நீட்டினேன். ஒரு முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பண்ண முட்ட. சேவல கண்ணால பாக்காத கோழி வுட்டது. இத அடைக்கு வெச்சா இன்னா பொரியும்? கோழியப் பத்திதான படிச்ச நீ?"

முட்டையை என் பையிலேயே பத்திரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் பையோடு வீட்டுக்கு வந்தேன்.